காட்டில் விட்ட நத்தை

போனில் பூதம் பிடிக்கும் விளையாட்டைச் செய்தவர்கள் பெரிய பிழை செய்திருக்கிறார்கள்.

விளையாட்டு நல்லதுதான். மழைக்கு ஒரு பூதம், பனிக்கு ஒரு பூதம் வரும். அடுத்து எது வருமோ என்று போனைக் கீழே வைக்க மனம் வராது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் மனைவியும் நானும் ஒரே போனில் ஆடினோம். அவள் பிடித்த நத்தைப் பூதம் எந்தச் சண்டையிலும் வென்றதில்லை. புதியவற்றுக்கு இடம் வேண்டுமென்று அவளைக் கேட்காமலே அதை விளையாட்டிலுள்ள காட்டில் விட்டேன்.

வேலை முடிந்து வந்தவள் தேடினாள்.

"என் நத்தை எங்கங்க?"

"அது எதுக்கும் ஒதவாது புள்ள. விட்டுட்டேன்."

"கொழுந்து கொறைவுன்னு கணக்கப்புள்ள இன்னைக்கி எனக்கு அரைப்பேரு போட்டாரு. நீங்களும் அவரு மாதிரியே பேசுறீங்க."

அரைப்பேர் என்றால் நாள் முழுக்க உழைத்தும் பாதிச் சம்பளம்.

"அதுல அப்படி என்னதான் இருந்துச்சு?"

"மழை பெஞ்சா அது கொம்ப ஆட்டிப் பாடும். நீங்க சண்டைக்கு மட்டுந்தானே அத வெளிய எடுத்தீங்க?"

அது பாடி நான் கேட்டதே இல்லை. தேடினேன், திரும்ப வரவில்லை.

என் தப்பை இங்கே எழுதிவிட்டேன். பாடும் நத்தையைச் செய்தவர்களே, சண்டைக்கு மட்டும் ஏன் புள்ளி வைத்தீர்கள்? ஆடுகிற எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.