அழுக்காக்கும் வேலை

பதினெட்டு ஹெல்மெட்டுகளை அழுக்காக்க வேண்டும். அன்றைக்குப் புஷ்பாவுக்குக் கொடுத்திருந்த வேலை அதுதான்.

பாரிவாக்கம் போகிற வழியில் ஜோதிமயம் பவர் இன்ஃப்ரா என்ற கம்பெனியின் சைட் ஆபீஸ் இருந்தது. பூந்தமல்லியைச் சுற்றித் தரைக்கடியில் மின்கேபிள் பதிப்பதும், பாரிவாக்கத்தில் ஒரு துணைமின் நிலையம் கட்டுவதும் கம்பெனியின் பொறுப்பு. பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. முதல் தவணையில் பாதிச் சாலையைத் தோண்டியாயிற்று. அடுத்த தவணைக்கு முன்னால் பணம் போடுகிறவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். அவர்கள் வருவதற்கு முதல் நாள் ஸ்டோர் ரூம் பூட்டைத் திறப்பார்கள்.

உள்ளே எல்லாம் புத்தம்புதுசு. மஞ்சள் ஹெல்மெட், கணுக்கால் ஷூ, ஒளிரும் பட்டை தைத்த மேலங்கி. புதுசைப் புதுசாகவே காட்டினால் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். அதனால் புஷ்பா செம்மண்ணைத் தண்ணீரில் குழைத்து ஹெல்மெட்டின் மேல் பூசிக் காயவைப்பாள். பிறகு கந்தல் துணியால் அரைகுறையாகத் துடைப்பாள். எஞ்சின் ஆயிலில் விரலைத் தொட்டு ஆங்காங்கே ஒரு தீற்று. சுவரில் வைத்து ஒரு தேய்ப்பு. வந்தவர்கள் கார் ஏறிய மறுநாள் எல்லாவற்றையும் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி, பழைய பாலிதீன் உறையிலேயே போட்டு அடுத்த வருகைக்காகப் பூட்டி வைப்பாள். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து வளர்ந்தவள். அழுக்காக்குவதற்கும் சம்பளம் உண்டு என்பதை இந்த ஆபீஸில்தான் தெரிந்துகொண்டாள்.

ஷூவெல்லாம் வாட்ச்மேன் நடேசன் பாடு. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். பதினெட்டு ஜோடியையும் ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டுக்கொண்டு காம்பவுண்டை இரண்டிரண்டு சுற்று வர வேண்டும்.

"இன்னாண்ணா, இன்னிக்கு எத்தினி மைல் ஆச்சு?" என்றாள் புஷ்பா.

"இவ்ளோ தூரம் திருப்பதிக்கு நடந்திருந்தா ஒரு மொட்டையாச்சும் போட்டுகினு வந்திருப்பேன்" என்றார் நடேசன், பதினோராவது ஜோடியின் கயிற்றை இழுத்துக் கட்டியபடி. "எங்க ஃபேக்டரில க்ளவுஸ் இல்லாம மிஷின் கிட்ட போனா மெமோ குடுப்பான். இங்க க்ளவுஸத் தொட்டா மெமோ குடுப்பான்."

அப்போது அட்மின் மேனேஜர் ஸ்ரீகாந்த் எட்டிப் பார்த்தார். அதட்டிப் பேசத் தெரியாத ஆள். வாயைத் திறந்தால் 'புஷ்பாம்மா'தான்.

"புஷ்பாம்மா, இந்தத் தடவை க்ளவுஸையும் கொஞ்சம் பழசாக்கிடுங்க. போன தடவை வந்தவங்க க்ளவுஸை மட்டும் காணோமேன்னு கேட்டுட்டாங்க. மேல் ரேக்ல பெட்டி இருக்கு." போகப் போனவர் நின்றார். "நாளைக்கு ரொம்ப முக்கியம். ஆப்பிரிக்காவுல ஒரு ப்ராஜெக்ட், வியட்நாம்ல ஒண்ணு, நம்மது ஒண்ணு. மூணுல எதுக்குப் பணம் போடறதுன்னு முடிவு பண்ணத்தான் வராங்க. நம்ம ப்ராஜெக்ட்ல இதுவரைக்கும் ஒரு விபத்து கூட கிடையாது. அதை வெச்சுத்தான் நாம ஜெயிக்கணும்."

யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு மறந்துவிட்டதா, மறந்த மாதிரி இருக்கிறாரா என்று புஷ்பாவுக்குப் புரியவில்லை. கையிலிருந்த செம்மண் கட்டி நொறுங்கியது.

அவள் புருஷன் கஜபதி இந்தக் கம்பெனியின் கேபிள் கேங்கில்தான் இருந்தான். பூமிக்கடியில் கேபிளை வெட்டி இணைப்புப் போடுவதில் அவன் கைக்கு ஒரு பேர் இருந்தது. போன வருஷம் ஜூலையில், வேலப்பன்சாவடி முனையில், மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று போனில் சொன்னதை நம்பிக் குழியில் இறங்கினான். நிறுத்தியது ஒரு கேபிளை. குழியில் கிடந்தது இரண்டு. வலது கை முழங்கைக்குக் கீழே போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்தவரும் ஸ்ரீகாந்த்தான். பழம் வாங்கி வந்தார், டாக்டரிடம் பேசினார். மூன்றாம் நாள் ஒரு காகிதம் கொண்டுவந்தார். கஜபதி தன் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்க்கும்போது மின்சாரம் தாக்கிவிட்டது என்று அதில் தமிழிலேயே அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது, புஷ்பாவுக்கு ஆபீஸில் வேலையும் உண்டு. கஜபதி கையெழுத்துப் போடுகிற நிலையில் இல்லை. எட்டாவது வரை படித்த புஷ்பா கோணல் இல்லாமல் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் இருக்கிற வீட்டில் மோட்டாரே கிடையாது. வாசலில் ஓர் அடிபம்பு, அவ்வளவுதான். அது காகிதம் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்றிலிருந்து அந்த இல்லாத மோட்டார் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். நாடாவைப் பிரித்தாள். தடிமனான சிவப்பு ரப்பர் கையுறைகள், முழங்கை வரை ஏறுகிற நீளம். பவுடர் வாசனை அடித்தது. உள்ளே தூவிய வெள்ளைத்தூள் கலையாமல் இருந்தது. மேலே ஒரு சீட்டு: கையுறை, பதினெட்டு ஜோடி, பெறப்பட்ட தேதி 14-5. வருஷம் போன வருஷம். அடியில் ஸ்ரீகாந்தின் கையெழுத்து.

புஷ்பா சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபடி படித்தாள்.

மே மாதம். கஜபதி குழியில் இறங்கியது ஜூலை. நடுவில் அவன் ஐந்து தடவையாவது கையுறை கேட்டிருப்பான். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்வான்: "ஆர்டர் போட்டாச்சாம், கப்பல்ல வந்துகினு கீதாம்." அவர்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. கேஸ் தீர்ந்தாலும் கப்பலில் வருகிறது, பஸ் வராவிட்டாலும் கப்பலில் வருகிறது.

அவள் ஸ்ரீகாந்தின் அறைக்குப் போனாள்.

"சார், இந்த க்ளவுஸ ஏன் ஆளுங்களுக்குக் குடுக்கல?"

கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "வேலைக்குக் குடுத்தா ஒரே மாசத்துல கிழிச்சிடுவாங்கம்மா. அப்புறம் விசிட் அன்னைக்கு எதைக் காட்டறது?"

இவ்வளவு சாதாரணமாக ஒரு பதில் வரும் என்று புஷ்பா எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள். திரும்பி வந்து ஸ்டோர் ரூமைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கரையான்சாவடிக்கு நடந்தே போனாள். ஷேர் ஆட்டோவில் நாலு பேரோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரையாவது அடித்துவிடுவோமோ என்று இருந்தது.

கஜபதி பனியனோடு தரையில் உட்கார்ந்திருந்தான். மின்விசிறி சுற்றுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில் அசைந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஆனால் அந்தத் தெருவில் வோல்டேஜ் அவ்வளவுதான். வெந்து ஆறிய தோலுக்கு வியர்வை ஆகாது. அவன் விசிறிமட்டையால் தன்னையே விசிறிக்கொண்டிருந்தான். அந்தத் துணைமின் நிலையம் வந்தால் இந்த மின்விசிறி சுற்றும். அது புஷ்பாவுக்கும் தெரியும். அதனால்தான் கோபம் நேராக ஒரு பக்கம் போய் நிற்காமல் அவளையே சுற்றிச் சுற்றி வந்தது.

விஷயத்தைச் சொன்னாள். கஜபதி கொஞ்ச நேரம் மட்டையை நிறுத்தினான்.

"மே மாசமேவா?"

"பதினாலாந் தேதி. கையெழுத்தோட கீது."

"உட்டுடு."

"இன்னாய்யா உட்டுடு? உன் கை போச்சுய்யா!"

"அத்த நீ எனுக்கு சொல்லணுமா? உன் வேலையும் பூட்ச்சின்னா இன்னாடி துன்றது? வெளிநாட்டுக்காரன் துட்டு குடுக்கலன்னா கேங்கையே கலைச்சிடுவான். இன்னும் பதினேழு குடும்பம் நம்மள திட்டும்."

"அப்ப நானு அந்த க்ளவுஸுக்கும் மண்ணு பூசறேன். நீ போட்டுகினு வேலை செஞ்ச மாரி, உன் ஆளுங்க போட்டுகினு கீற மாரி. அதானே? பூசறேன்."

சட்டியை அடுப்பில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டு நாகம்மாளை எட்டிப் பார்க்க வைத்தது. கஜபதி சோற்றை ஸ்பூனால் அளைந்தான். இடது கையில் சாப்பிடப் பிடிக்காமல் ஸ்பூனுக்கு மாறி ஒரு வருஷம் ஆகப்போகிறது. பாதியில் நிறுத்தி, தட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

"நம்ம கேங்கு லோகு காலைல போன் பண்ணான். நாளைக்கு மறுபடியும் அதே முனைல இணைப்பு வேலையாம். அவனும் பச்சையப்பனும்தான் எறங்குறானுங்க."

"வெறுங்கையோடயா?"

அவன் தட்டை நகர்த்தி வைத்தான்.

மறுநாள் ஏழு மணிக்கே புஷ்பா ஆபீஸில் இருந்தாள். முதல் நாள் அழுக்காக்கிய ஹெல்மெட்டுகளைக் குழாயடியில் அடுக்கி, தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தாள். நடேசன் வந்து பார்த்துவிட்டுப் பதறினார்.

"இன்னா பண்ற? விசிட் இன்னிக்குத்தானே! நாளைக்கு இல்ல கழுவணும்?"

"தெரியும்ணா. அந்த ஷூவயும் குடு."

நடேசன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்து வந்து, ஷூவின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தார். "நேத்து நடந்த நடையெல்லாம் தண்டம்" என்று மட்டும் முனகினார்.

பதினோரு மணிக்கு இரண்டு கார்கள் வந்தன. நாலு வெளிநாட்டுக்காரர்கள். அவர்களோடு கார்த்திகா என்ற ஒரு பெண். தொழிலாளர் பாதுகாப்பைப் பரிசோதித்து எழுதிக் கொடுப்பது அவள் உத்தியோகம். இங்கேயே வேலப்பன்சாவடிப் பக்கம் ஃபிளாட்டில் இருப்பவளாம். ஸ்ரீகாந்த் வழியெல்லாம் ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே வந்து ஸ்டோர் ரூம் கதவைத் தள்ளினார். சிரிப்பு அப்படியே நின்றது.

மேசை மேல் பதினெட்டு ஹெல்மெட்டும் கண்ணாடி மாதிரி மின்னின, ஒவ்வொன்றும் அதனதன் பாலிதீன் உறையில். ஷூக்களுக்குள் அதைச் செய்த கம்பெனிக்காரன் திணித்த காகித உருண்டை. நடுவில் கையுறைப் பெட்டி, திறந்தபடி. மேலே சீட்டு.

உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒரு கையுறையை எடுத்து உள்ளே விரலை விட்டாள். விரல் வெள்ளையாக வெளியே வந்தது. கார்த்திகாவிடம் ஏதோ கேட்டாள்.

"இது புது ஸ்டாக்" என்றார் ஸ்ரீகாந்த் அவசரமாக. "பழசெல்லாம் சைட்ல இருக்கு. புஷ்பாம்மா, டீ கொண்டு வாங்க."

புஷ்பா நகரவில்லை. கார்த்திகா அவளைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்: "அக்கா, சைட்ல இருக்கறவங்ககிட்ட க்ளவுஸ் இருக்கா?"

"கிடையாதும்மா. எப்பவும் இருந்ததே கிடையாது. இதெல்லாம் நீங்க வர்றப்ப மண்ணு பூசி வெப்போம், நீங்க போனதும் கழுவி வெப்போம். பூசறது நானு. கழுவறதும் நானு."

"புஷ்பாம்மா, போதும்."

"கப்பல்ல வருது, கப்பல்ல வருதுன்னு என் ஊட்டுக்காரர்ட்ட சொன்னீங்களே சார். கப்பல் மே மாசமே வந்துடுச்சே!" அவள் குரல் உடைந்து உயர்ந்தது. அழுகை வரவில்லை. "ஒரு விபத்து கூட இல்லன்னு சொல்லித்தானே இவங்ககிட்ட துட்டு கேக்குறீங்க? துட்ட நல்லா கேளுங்க. எங்க தெருவுக்கும் கரண்டு வேணும். அதுக்கு என் புருஷன் கைய ஏன் மோட்டார்ல உட்டதா எழுதுனீங்க? எம்மா, எங்க ஊட்ல மோட்டாரே கிடையாதும்மா. நாந்தான் கையெழுத்து போட்டேன். நாந்தான் பொய் சொன்னேன். வந்து பாருங்க."

கார்த்திகா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். நடுவில் புகுந்த ஸ்ரீகாந்தைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, கடைசி வரை சொன்னாள். உயரமான பெண் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டாள்.

"மேடம், வீட்டுக்குப் போறதெல்லாம் இன்னைக்கு ஷெட்யூல்ல இல்ல" என்றார் ஸ்ரீகாந்த்.

"சேர்த்துக்குவோம் சார். அதுக்கு முன்னாடி இந்த க்ளவுஸ் இப்பவே சைட்டுக்குப் போகணும். நான் பார்க்கணும்."

நடேசன் அதற்குள் பெட்டியைத் தோளில் ஏற்றிவிட்டார். கேட்டில் ஆட்டோவைக் கூப்பிட்ட குரல் ஸ்டோர் ரூம் வரை கேட்டது.

வெளியே வரும்போது ஸ்ரீகாந்த் அவள் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்: "நாளையில இருந்து வர வேண்டாம்."

"நாளைக்கு அழுக்காக்க இன்னா சார் கீது?" என்றாள் புஷ்பா. சாவியை இடுப்பிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள்.

கரையான்சாவடியில் கார் தெருவுக்குள் நுழையாது. முனையில் இறங்கி நடந்தார்கள். கஜபதி வாசலில் இடது கையால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரர்களையும் பின்னால் வந்த தெரு ஜனத்தையும் பார்த்து பம்பை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"இன்னாடி இது, ஊர்வலம் கூட்டியாந்துகீற?"

"அந்தப் பேப்பர்ல எழுதிகீற மோட்டார பாக்க வந்துகீறாங்க. எங்க கீதுன்னு காட்டு."

கஜபதி அவளைப் பார்த்தான். வேலை போய்விட்டது என்பதை அவள் இடுப்பில் சாவி இல்லாததிலேயே தெரிந்துகொண்டிருப்பான். திட்ட வாயெடுத்தவன், வேறொன்றைக் கேட்டான்.

"லோகுக்கு க்ளவுஸ் போச்சா?"

"நடேசண்ணன் ஆட்டோல எடுத்துகினு போயிட்டாரு. பதினெட்டும்."

"அவன் கைல போட்டுகினானா?"

புஷ்பா நடேசனுக்குப் போன் போட்டாள். பேசிவிட்டு, "போட்டுகினானாம்" என்றாள்.

கஜபதி ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, நோட்டோடு நின்ற கார்த்திகாவிடம் திரும்பினான்.

"எழுதிக்கம்மா. ஜூலை இருபத்தொண்ணு, திங்கக்கிழமை. வேலப்பன்சாவடி முனை. குழில ரெண்டு கேபிள் இருந்துச்சு."