வாங்கும் தராசில் தாசையன்

தாசையன் தன் சவாரிப் பூட்ஸின் உள்தோலைக் கறிக்கத்தியால் உரித்துக்கொண்டிருந்தான். இடது பூட்ஸ் முடிந்துவிட்டது. உரித்த தோல் தரையில் சுருண்டு கிடந்தது. இருபது வருடக் கால்வியர்வை அதில் கறுப்பாகப் படிந்திருந்தது. மூக்கைத் திருப்பிக்கொண்டு வலது பூட்ஸை எடுத்தான். இரண்டும் சேர்ந்தால் கால் ராத்தல் எடை குறையும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த எலிசாள் வாசலிலேயே நின்று பார்த்தாள். அவன் மனைவி. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்தவள்.

"அதோட ஏன் நிறுத்துதியோ? காலுத் தோலையும் உரிச்சா அரை ராத்தல் வருமே. கத்தி கையிலதான இருக்கு."

"சும்மா கெட. இன்னும் ரெண்டு ராத்தல்தான்."

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினான். பழைய செருப்பு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

அப்போது அவனுக்கு வயது நாற்பத்திரண்டு. வருடம் 1934. மார்த்தாண்டம் பக்கத்தில் பிறந்தவன், ஆள் சிறியவன். பதினான்கு வயதில் சென்னைக்குப் போய்க் குதிரை லாயத்தில் சேர்ந்து, அங்கிருந்து கல்கத்தாவுக்குப் போனான். சமதரையில் ஓடும் பந்தயங்களுக்குச் சவாரிக்காரர்கள் தாராளமாகக் கிடைத்தார்கள். வேலியும் பள்ளமும் தாண்டும் பந்தயத்துக்குத்தான் ஆள் பஞ்சம். விழாமல் ஒரு பருவத்தை முடித்தவன் யாருமில்லை. எலும்பு மலிவாகக் கிடைக்கும் ஆளைத் தேடினார்கள், தாசையன் கிடைத்தான். நூற்றுப் பதினேழு பந்தயம், அதில் பதினொன்று ஜெயம். காறை எலும்பு நான்கு முறை முறிந்தது. முன்பல் ஐந்து போயிற்று.

குதிரைப் பந்தயம் என்றால் ஜனங்கள் குதிரையை நினைத்துக்கொள்கிறார்கள். தாசையனுக்கு நினைவு வருவது பேதி உப்பு. எடை குறைக்க உப்பைக் குடித்து, தொண்டையில் விரல் விட்டு, மூன்று கம்பளியைப் போர்த்தி வெயிலில் ஓடி, மயங்கி விழுந்து, எழுந்து மறுபடியும் ஓடவேண்டும். அதுவும் போதாதபோது குதிரை லத்திக் குவியலில் குழி தோண்டிக் கழுத்துவரை உட்கார்த்தி மூடுவார்கள். புளித்த லத்தி அடுப்பாகக் கொதிக்கும். கல்கத்தாவில் அவனுக்குப் பக்கத்துக் குழியில் இருந்தவன் தலை தொங்கிப் போனான். எடுத்துக் கழுவிய பிறகுதான் செத்தது தெரிந்தது. அன்றைக்கு அவன் எடை சரியாக இருந்தது என்று சொல்லி யாரோ சிரித்தார்கள். தாசையனும் சிரித்தான். பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் எச்சில் துப்பினான்.

ஒரே ஒரு விஷயம் அவனுக்குப் பிடித்திருந்தது. வேலிக்கு மேலே குதிரை எழும்பி நிற்கும் அந்த ஒரு நொடி. அப்போது எந்த நாற்றமும் கிடையாது.

திருவனந்தபுரத்துக்கு அவனைக் கூட்டி வந்தவர் ஸ்ரீகண்டன் முதலாளி. சாலைக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் மொத்தமாக வாங்கி விற்பவர். பெரிய உத்தியோகஸ்தர்கள் கை குலுக்கவேண்டும் என்பதற்காகவே இரண்டு குதிரை வாங்கினார். முன்னால் கடை, பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கி, அதற்கும் பின்னால் லாயம், லத்திக்குழி, அதையொட்டி தாசையனும் எலிசாளும் குடியிருந்த ஒற்றை அறை. ஏழு வருடமாகச் சோற்றிலும் அந்த வாடைதான்.

அந்த வருடப் பந்தயத்துக்கு முன்னால் முதலாளி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பந்தய மைதானத்தில் லாய மேற்பார்வைக்கு ஆள் எடுக்கிறார்கள், தாசையன் இந்த ஒரு தடவை ஏறி ஓட்டினால் மைதானத்துச் செக்ரட்டரியிடம் சொல்லி அந்த வேலையை வாங்கித் தருவதாக. தரையில் நின்று செய்யும் வேலை, சாகும்வரை. இனி விழவேண்டாம், இனி உப்புக் குடிக்கவேண்டாம். அதற்கு அவன் உடம்பு நூற்று இருபத்தெட்டு ராத்தலுக்கு இறங்கவேண்டும்.

எட்டு நாளாகக் காலையில் கடைக்குப் போய்த் தராசுத் தட்டில் குந்தி உட்கார்ந்தான். எடை போடும் சுவாமிதாஸ், மூட்டைக்கு எடைக்கல் ஏற்றுவது போலவே அவனுக்கும் ஏற்றினார். "கொஞ்சம் ஈரம் இருக்கு, காயவச்சுக் கொண்டாரும்" என்று தினமும் அதே வேடிக்கையைச் சொன்னார். எட்டாம் நாள் தராசுக்கோல் நேராக நின்றது. நூற்று இருபத்தெட்டு.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலை மைதானத்தில் எடை பார்த்தார்கள். செக்ரட்டரி முள்ளை இரண்டு முறை குனிந்து பார்த்துவிட்டு, நூற்று முப்பத்து மூன்று என்றார்.

ஸ்ரீகண்டன் முதலாளி மலையாளம் கலந்து கத்தினார். "எடா தாசையா, கள்ளத்தனமா எந்தாடா தின்னே?"

"அரை கிளாஸ் கஞ்சித்தண்ணி மொதலாளி. சத்தியமா."

"கஞ்சித்தண்ணியில அஞ்சு ராத்தலா? அதுல ஆனைக்குட்டியைக் கரைச்சுக் குடிச்சியோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் குறைத்துக்கொண்டு வந்தால் மறுபடி பார்ப்பதாகச் சொல்லிவிட்டு செக்ரட்டரி போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கடையில் ஒரு மலைநாட்டு விவசாயி சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் எடைபோட்டபோது இருந்த மிளகு இங்கே எப்படிக் குறைந்தது என்று கேட்டார். தாசையன் நின்றுவிட்டான். கடையில் இரண்டு தராசு உண்டு. வெளியிலிருந்து வருவது எதுவானாலும் சுவாமிதாஸ் தெருப்பக்கத்துத் தராசில் போடுவார், வெளியே போவதை உள்பக்கத்துத் தராசில். முன்னது குறைத்துக் காட்டும், பின்னது கூட்டிக் காட்டும். சாலை முழுவதும் இது தெரியும். சுவாமிதாஸ் கணக்கில் தாசையனும் வெளியிலிருந்து வந்தவன். எட்டு நாளாக அவனை மிளகு வாங்கும் தராசில் ஏற்றியிருக்கிறார்கள். கை பழகிய பழக்கம். முதலாளி, சுவாமிதாஸ், அவன் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

முதலாளியின் அறைக்குப் போய்ச் சொன்னான். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"பதுக்கப் பேசு. அது வியாபாரம். உன் உடம்பு உன் காரியம்."

"செக்ரட்டரிகிட்ட நான் தின்னேன்னுல்லா சொன்னிய?"

"பின்னே, என் தராசு கள்ளத்தராசுன்னு சொல்லணுமோ? அஞ்சு ராத்தல் இறங்கணும், கேட்டியா? லத்திக்குழி இருக்கல்லோ. கல்கத்தாவில் இறங்கினவன்தானே நீ? இல்லேன்னா அந்த வேலையை மறந்துடு."

பதினொரு மணிக்கு இறங்கினான். லாயக்காரன் கழுத்துவரை மூடினான். முதல் மணி நேரத்தில் வியர்வை ஓடியது. புழுக்கள் முதுகில் ஊர்ந்தன. ஈக்கள் உதட்டில் உட்கார்ந்தன, ஊதித் தள்ளினான். பிறகு ஊதவும் எச்சில் இல்லை.

மூன்று மணிக்கு எலிசாள் வந்தாள். கேள்வி எதுவும் கேட்காமல் நெற்றியில் கை வைத்தாள்.

"வியர்வை எப்ப நின்னுது?"

"தெரியல்ல."

"காஞ்சு கிடக்கு. உள்ள தண்ணி இல்ல. இனி இருந்தா புத்தி மாறும், அப்புறம் வலிப்பு வரும். எழும்புங்க."

"ரெண்டு ராத்தல் இறங்கியிருக்கும் எலிசா. இன்னும் மூணு. இது ஒண்ணு முடிஞ்சா வேலை..."

"செத்தவனுக்கு யாரு லாயம் குடுப்பா?"

அவன் பதில் சொல்வதற்குள் கிட்டங்கிப் பக்கத்திலிருந்து ஸ்ரீகண்டன் முதலாளி வந்தார். அத்தர் நனைத்த கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார்.

"எந்தொரு நாற்றம்! சே! எத்தனை இறங்கிச்சுடா?"

தாசையன் அவரைப் பார்த்தான். இருபத்தெட்டு வருடமாக எல்லா முதலாளியும் இதே பத்தடி தள்ளி நின்றுதான் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.  

எலிசாள் கையைப் பிடித்து எழுந்தான். கோவணத்தோடு, உடம்பெல்லாம் ஒழுக, கிட்டங்கிக்குள் புகுந்து கடைக்கு நடந்தான். முதலாளி பின்னால் கத்தினார், ஆனால் கிட்டே வரவில்லை. கடையில் மூட்டையோடு ஏழெட்டு விவசாயிகள் நின்றார்கள். அவன் தெருப்பக்கத் தராசில் குந்தி உட்கார்ந்தான்.

"பிள்ளைவாள், கல்லை ஏத்தும்."

"ஏய், தட்டு நாறிரும்டே!"

"ஏத்தும்வே!"

சுவாமிதாஸ் ஏற்றினார். நூற்று இருபத்தாறு. இறங்கித் தள்ளாடிப் போய் உள்பக்கத் தராசில் உட்கார்ந்தான். இந்தத் தடவை விவசாயிகளே கல் ஏற்றினார்கள். சத்தமாக எண்ணினார்கள். நூற்று முப்பத்து நான்கு.

"பத்தடி நடக்கதுக்குள்ள எட்டு ராத்தல் கூடிப்போச்சே! என்னத்தடே தின்னே, காத்தையா?" என்றார் காலையில் சண்டை போட்டவர். யாரும் சிரிக்கவில்லை. மூட்டைகளைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்கள்.

"பாத்தாச்சுல்லா? வந்து தண்ணி குடிங்க" என்று எலிசாள் அவனை இழுத்துக்கொண்டு போனாள். உப்பும் சர்க்கரையும் போட்ட கஞ்சித்தண்ணியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். பிறகு கார்பாலிக் சோப்பால் மூன்று முறை தேய்த்துக் குளிப்பாட்டினாள். நகத்தடியில் இருந்தது மட்டும் போகவில்லை.

முதலாளி ஆளனுப்பினார். அறையைக் காலையில் காலி செய்யவேண்டும், மைதானத்து வேலைக்கு வேறு ஆள் பார்த்தாயிற்று. தாசையன் தலையசைத்தான்.

மறுநாள் காலை பந்தயம் நடந்தது. இருவரும் போகவில்லை. எலிசாள் குழைந்த கஞ்சி நான்கு கரண்டியும் அரைப் பழமும் கொடுத்தாள். இன்னும் கேட்டான். பட்டினி கிடந்த வயிறு தாங்காது, பத்து மணிக்குத் தருவதாகச் சொல்லி மீதிப் பழத்தை மடியில் கட்டிக்கொண்டாள். பழவங்காடிக்குப் போய் ஒரு மாட்டுவண்டி பேசி வந்தாள். எலிசாளின் தங்கை தங்கபாய் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்திருந்தார்கள். பெட்டி, பாய், இரண்டு பானை. ஏற்றியபோது வண்டிக்காரன் மூக்கைச் சுளித்தான். தாசையன் அவனைத் தாண்டி முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். வண்டி ஆரியசாலையைக் கடக்கும்போது மணி பத்து ஆகவில்லை. ஆனாலும் எலிசாள் மடியிலிருந்த பழத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் மெல்ல மென்று தின்றான்.