ஆறு கிரெடிட்டும் சௌசௌ பந்தலும்

கொழும்பில் மூன்று மாதம் என்னை உளவு பார்த்த அதிகாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து சேர்ந்தார். உளவு என்பது அன்றைய என் கணிப்பு. அதை நம்பி நான் சௌசௌ பந்தலுக்குள் புகுந்துகொண்டதை, தொந்தியும் நரையும் வந்துவிட்ட துணிச்சலில் இப்போது எழுதுகிறேன்.

கம்பஸில் அது கடைசி வருடம். தலைநகரில் ஏதாவது ஒரு அரச அலுவலகத்தில் மூன்று மாதம் பயிற்சி செய்தால் ஆறு கிரெடிட். அந்த ஆறு கிடைக்காவிட்டால் பட்டம் இல்லை. கிரெடிட்டைக் கொடுப்பது கம்பஸ்தான் என்றாலும், பயிற்சிப் பதிவேட்டில் வாராவாரம் கையெழுத்து வைப்பது அலுவலக அதிகாரி. ஆக, என் பட்டம் ஒரு சிங்கள அதிகாரியின் சட்டைப்பை பேனாவில் இருந்தது.

முதல் நாளே அவர் சிரித்துக்கொண்டு கேட்டார்: “கம கொஹெத?” சொந்த ஊர் எது என்று. பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் இருப்பவர்கூடக் கேட்கும் கேள்விதான் அது. ஆனால் அவை சோதனைச் சாவடிக் காலங்கள். அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் சீருடையில் இருந்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்துக்கொண்டு கேட்பவர் இன்னும் பெரிய இடத்து ஆளாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

நான் உடனே பையைத் திறந்தேன். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், தங்கியிருந்த அறைக்கான பொலிஸ் பதிவு, கடைசியாக பிளாஸ்டிக் உறைக்குள் அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். எல்லாவற்றையும் அவருடைய மேசையில் சீட்டுக்கட்டு மாதிரிப் பரப்பினேன். தோட்டம், டிவிஷன், லயத்து நம்பர், அதில் எங்கள் அறையான காம்பராவின் நம்பர் எல்லாம் ஒப்பித்தேன். அவர் மேசை இலாச்சியிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அந்தக் கொப்பிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அதற்குப் பிறகு தினமும் ஏதாவது கேட்பார். டவுனிலிருந்து லயத்துக்கு எந்த பஸ்? வீட்டில் எத்தனை பேர்? மேலே குளிர் எப்படி? நானும் விடுவேனா, பஸ் டிக்கட்டைக்கூட அத்தாட்சியாகக் காட்டினேன். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “அந்தாளு சீ.ஐ.டி.ம்மா, சத்தியமா” என்பேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, “ஒன்னய வேவு பாத்து அவனுக்கு என்னாடா கெடைக்கப் போகுது” என்பார். எனக்குக் கொஞ்சம் அவமானமாகவும் இருக்கும்.

பயிற்சியின் கடைசி நாள் அவர் லீவு. பதிவேட்டை அவருடைய மேசையில் விட்டுவிட்டு வந்தேன். திங்கட்கிழமை மாலைக்குள் அது கம்பஸில் இருக்க வேண்டும். அன்று விடியல் ரயிலில் கொழும்பு போய், வாங்கிக்கொண்டு திரும்புவது என் திட்டம். அந்தத் திட்டத்தோடு ஞாயிறு காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான், படிக்கட்டில் வெள்ளைச் சட்டையோடு அவர் ஏறி வருவதைக் கண்டேன்.

“அம்மா, நான் இல்லேன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் போனேன். வாயில் இன்னும் பற்பசை நுரை.

அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் கொழும்பில் இருப்பதாகச் சொன்னார். கொழும்பில் எனக்கு வேலை முடிந்துவிட்டது என்று தெரிந்து அங்கிருந்தே தேடி வந்த மனிதரிடம் அம்மா சொன்ன பொய் அது. அவர் கதிரையில் உட்கார்ந்து, கொடுத்த பிளேன்டீயைக் குடித்தார். பிறகு மடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். இலைகளுக்கு நடுவே மயிலின் கால் ஒன்று தெரிந்தது. முருகன் கலண்டர் தாளால் நானே அட்டை போட்ட பதிவேடு.

“இதில் மகன் என் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். கொடுத்துவிட்டுப் போக முடியாது” என்றார் சிங்களத்தில். எழுந்து படியிறங்கிவிட்டார்.

ஆறு கிரெடிட் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண மனிதன் என்றால் கூப்பிட்டிருப்பான். நான் அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கமாகத் தேயிலைக்குள் குறுக்கே விழுந்தடித்து ஓடி, கீழே ரோட்டில் ஏறி, அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியவன் போல அவருக்கு எதிரே நடந்து வந்தேன்.

அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். சாரத்தைப் பார்த்தார். கை நீட்டி என் தலையிலிருந்து ஒரு சௌசௌ கொடியை எடுத்தார்.

“கொழும்பிலிருந்தா?”

“ஆமாம் சேர்.”

“டிக்கட் எங்கே? நீ எப்போதும் காட்டுவாயே.”

பதிவேட்டை ரோட்டோர மதில் கட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். வந்த காரணத்தை நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். டவுனில் புத்தரின் புனிதப் பல் இருக்கும் மாளிகைக்குப் பூ வைக்க வந்தாராம். “ஊரைத்தான் கேட்டேன். நீ காம்பரா நம்பர் வரைக்கும் சொன்னாய். வீட்டுக்கு வரச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.”

அவர் போன பிறகு மதிப்பீட்டுப் பக்கத்தைத் திறந்தேன். “எந்தக் கேள்விக்கும் ஆவணத்துடன் பதிலளிப்பவர்” என்று எழுதியிருந்தார். ஆறு கிரெடிட்டும் வந்தன.

போகும்போது அந்தச் சின்னக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துத் தன் வீட்டு முகவரியை எழுதித் தந்திருந்தார், வெசாக் பண்டிகைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா என்று. வீட்டுக்கு ஏறிப் போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு பெயர், பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்குப் பக்கத்தில் என்று ஒரு குறிப்பு, ஒரு ஊர். அவ்வளவுதான்.

அம்மா, அவர் பிளேன்டீ குடித்து வைத்த கோப்பையைக் கழுவிக்கொண்டே யோசித்தார்.

“வூட்டு நம்பரே இல்லியேடா. நம்பிப் போகலாமா?”