கிணற்றில் கிடைத்த காந்தக்கல்

கிணறு வெட்டும்போது கனிமம் தென்பட்டால் வேலையை நிறுத்தி, எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி; குறைந்தபட்சம் அப்பாவின் விதி.

பக்கத்து மனையில் போர் போடுகிறார்கள். வெளியே வந்த கறுப்புத் தூளைப் பார்த்ததும், என் சின்ன வயதில் செம்பாக்கத்தில் நாங்கள் பாதி வெட்டிய கிணறு நினைவுக்கு வந்தது. அதில் கிடைத்த கல் கைக்குள் அடங்கியும் படிக்கல் போலக் கனத்தது. நூலில் தொங்கவிட்ட காந்தம் தானாகவே நகர்ந்து அதில் ஒட்டியது.

“இரும்புத் தாது!” என்றார் அப்பா, மெதுவாக. “தண்டவாளமெல்லாம் இதை உருக்கித்தான் வருது. சர்க்காருக்கு எழுதணும்.”

உள்ளே தாம்பரம் ரயில் ஓடுகிறதா என்று நான் கல்லில் காதை வைத்துக் கேட்டேன்.

“எழுதுங்க. பதில் வர்ற வரைக்கும் ஏரித் தண்ணிய நீங்களே தூக்குங்க,” என்றாள் அம்மா.

தூக்கினார். ‘தோண்டலாம்’ என்று பதில் வந்தது, எங்கள் தெருவுக்குக் குழாய் வந்த மறுநாள்.