நான் சாகடித்த பலாமரம்

போன வாரம் வீட்டு கேட்டுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று பெயிண்டர் முறைத்தார். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

தாவரவியலில் தட்டுத்தடுமாறிப் பட்டம் வாங்கியிருந்த காலம். பெரும்புயல் அடித்து ஓய்ந்ததும், ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் சாய்ந்த மரங்களைப் பார்த்து எழுதும் தற்காலிக வேலை கிடைத்தது. செத்த மரத்தில் சிவப்பாகப் பெருக்கல் குறி போட வேண்டும். குறி போட்டதை மெஷின்காரர் வந்து அறுத்துவிடுவார். பெயிண்ட் டப்பா கைக்கு வந்ததுமே எனக்கு எமதர்மன் என்ற நினைப்பு. இலை உதிர்ந்து நின்றதற்கெல்லாம் பெருக்கல்தான்.

ராசாத்தி அக்கா கொல்லையில் பலாமரம் ஒன்று பாதி வேர் வெளியே தெரியச் சாய்ந்து கிடந்தது. கல்யாணமாகி வந்த வருஷம் அவரே வைத்த கன்று.

"சார், அங்கிட்டு வேரு இன்னும் மண்ணுக்குள்ளதான் இருக்கு. குறி போடாதீங்க."

"நான் இதத்தாங்க்கா படிச்சிருக்கேன்" என்று சொல்லிப் போட்டுவிட்டேன். அக்கா வெளியே தெரிந்த வேரை மண்ணால் மூடி, தினம் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

அந்த வட்டாரத்துக்கே அப்போது மரம் அறுக்கும் மெஷின் ஒன்றுதான். அதன் சங்கிலி நாள் தவறாமல் அறுந்துபோகும். நானும் நாள் தவறாமல் போன் போடுவேன். "நாளைக்குக் கண்டிசனா வாரேன் சார்" என்பார் மெஷின்காரர். இப்படியே ஐம்பது நாள். மனுஷனுக்குப் பொறுப்பே இல்லையே என்று எனக்குக் கொதித்தது.

ஒருவழியாக வந்தவரை முன்னால் நடந்து கூட்டிப்போனேன். பலாமரத்தில், என் பெருக்கல் குறிக்கு நட்டநடுவிலிருந்து நாலு தளிர் நீட்டிக்கொண்டிருந்தது.

மெஷினைக் கீழே வைத்தார். "நல்லவேளை சார், நீங்க டாக்டருக்குப் படிக்கல."

அக்கா சிரிக்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர் முழுக்க ஓடிப் பார்த்தேன். நான் கொன்ற புளியும் வேம்பும் பாதிக்குமேல் துளிர்த்திருந்தன. மண்ணெண்ணெயும் துணியுமாகக் குறிகளை ரெண்டு நாள் தேய்த்து அழித்தேன். "இது உசுரா, செத்ததா சார்?" என்று மெஷின்காரர் கூடவே வந்து மானத்தை வாங்கினார். அந்தப் பலா படுத்தவாக்கிலேயே காய்த்தது. ஆடுகளுக்குக் கொண்டாட்டம்.

இப்போது ஊருக்கு நாலு மெஷின். போன ஐப்பசிக் காற்றில் எங்கள் தெருப் பூவரசு காலையில் சாய்ந்தது. நாலு நாள் விட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குள் அறுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மரங்களுக்குத் துளிர்க்க மறந்துபோகவில்லை. துளிர்க்கும்வரை நம்மைக் காக்க வைத்த அந்த ஓட்டை மெஷினைத்தான் காணோம்.