சினை மீனும் ரஞ்சித்குமாரின் கையும்

ரஞ்சித்குமாருக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். மேட்டூரில் காலேஜ் படிக்கும்போது ஒரு பஸ் கண்டக்டரின் பல்லை உடைத்தான். ஜெர்சி சிட்டிக்கு வந்து ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு உடைக்க ஆள் கிடைக்காமல் பிரிண்டரை உடைத்தான். வயது நாற்பத்தொன்று. பதினோரு வருஷமாகக் கிரீன் கார்டுக்குக் காத்துக்கிடக்கிறான். இந்த மனுஷனை ஒரு இடத்தில் சும்மா உட்கார வைத்தது உலகத்திலேயே ஒன்றுதான், தூண்டில்.

அவன் போகிற ஏரி நியூஜெர்சியின் வடக்கே, மலைப்பக்கம் இருக்கிறது. அதில் வால்ஐ என்று ஒரு மீன். வெளிச்சம் பட்டால் கண் கண்ணாடித்துண்டு மாதிரி மின்னும். ஐஸ் உருகியதும் கரையோரக் கற்களுக்கு வந்து முட்டை போடும். அது முடியட்டும் என்றுதான் அதுவரை பிடிக்கத் தடை. தடை விலகும் முதல் சனிக்கிழமைக்கு ரஞ்சித்குமார் தீபாவளி மாதிரி காத்திருப்பான். ஆனால் வயிறு பெருத்த மீன் மாட்டினால் முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரில் விட்டுவிடுவான். மற்றவர்களும் விட வேண்டும் என்பான். அங்கேதான் வம்பு.

போன வருஷம் பக்கத்து ஊர் எடிசனிலிருந்து மீன் பிடிக்க வந்த கிரீஷ் ஒரு சினை மீனைப் பெட்டியில் போட்டான்.

"ப்ரோ, அது வயித்துல முட்டையோட இருக்கு, விட்ருங்க."

"சட்டப்படி சைஸ் இருக்கு. உனக்கென்னய்யா வந்துச்சு?"

அவ்வளவுதான். பளார் என்று விழுந்தது அறை. கிரீஷின் எட்டு வயது மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கூட வந்திருந்த பாலசுப்ரமணியன் அங்கிள் மட்டும் நடுவில் புகுந்து கெஞ்சியிருக்காவிட்டால் போலீஸ் வந்திருக்கும். ரஞ்சித்குமாரோ ஒரு சாரி கூடச் சொல்லவில்லை. திமிர்.

இந்த வருஷம் கதையே வேறு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவன் மனைவி தென்றல் உண்டாகியிருந்தாள். நான்காவது மாதம். சீசன் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் அவனை இழுத்து உட்காரவைத்தாள்.

"என் வயித்து மேல கை வெச்சு சத்தியம் பண்ணுங்க, யாரையும் அடிக்க மாட்டேன்னு. கேஸ் ஆச்சுன்னா விசா போச்சு. இந்தப் புள்ளையத் தூக்கிட்டு நான் எங்க போய் நிப்பேன்?"

கை வைத்தான். சத்தியம் பண்ணினான். மீறினால் அது பிள்ளை தலையில் விழும் என்று அவன் நம்பினான், நம்பாதது போல் நடித்தாலும்.

அடுத்த நாளே அதே தென்றல், "மீன் சினை வேணும்ங்க, மிளகாத்தூள் போட்டு மொறுமொறுன்னு" என்றாள். ஜர்னல் ஸ்கொயர் கடைகள் முழுக்க அலைந்து ஃப்ரோஸன் சினை வாங்கி வந்தான். வாடை பிடிக்காமல் தள்ளிவிட்டாள். அவன் அம்மா வீடியோ காலில் வந்து, "மசக்கைக்காரி கேட்டதக் குடுக்கலன்னா பொறக்கிற கொழந்தைக்குக் காதுல சீழ் வடியும்டா. நீதான் மீன் பிடிக்கிற பெரிய மகாராஜாவாச்சே!" என்று போட்டுத் தாக்கினாள். மாட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் ஏரியில் ஊசி ஊசியாக மழை. படகு இறக்கும் இடத்தில் மீன்வளத் துறை ஒட்டியிருந்த தாளைப் படித்தான். கணக்கெடுப்பில் போன வருஷம் வலைக்கு ஒன்பது வால்ஐ சிக்கியதாம், இந்த வருஷம் நான்கு. தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டான். நாற்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட், வால்ஐ முட்டை போடுகிற குளிர். ஐஸ் மூன்று வாரம் தாமதமாக உருகிய வருஷம் அது. தடை விலகியும் மீன்கள் இன்னும் முட்டையோடு கற்களில்தான் கிடக்கின்றன என்று அவனுக்குச் சட்டென்று புரிந்தது.

பத்து மணிக்கு மாட்டியது. இருபத்துநான்கு அங்குலம், வயிறு உப்பி. கை பழக்கத்தில் தண்ணீர்ப் பக்கம் போனது. அவன் அதைக் கரைக்குத் திருப்பினான். கட்டையால் மண்டையில் ஓங்கி அடித்தான். சாகவில்லை. மறுபடி அடித்தான். வழுக்கி அவன் மடியில் விழுந்து துள்ளியது, செவுள் முள் உள்ளங்கையைக் கிழித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியால் செவுளை அறுத்தான். ரத்தம் பீறிட்டு முகத்தில் தெறித்தது. நசுங்கிய வயிற்றிலிருந்து மஞ்சள் முட்டைகள் வழிந்து அவன் பூட்ஸில் ஒட்டின. அவனுக்கு அழுகை வந்தது.

"அடப்பாவி!"

பின்னால் கிரீஷ். கையில் துடுப்பு. இன்னொரு கையில் போன்.

"'சினை மீனக் கொல்றவன் மனுஷனே இல்ல.' வியாழக்கிழமை நம்ம மீன்பிடி வாட்ஸ்அப் குரூப்ல நீ போட்டதுதானேடா? இதுக்குத்தான என் பொண்ணு முன்னாடி என்னை அறைஞ்ச?"

கிரீஷ் மீனை ஒரு உதை விட்டான். அது கற்களில் போய் மோதியது. ரஞ்சித்குமாரின் ரத்தம் தலைக்கேறியது. கத்தி இன்னும் கையில்தான் இருந்தது. அதன் பிடியை விரல்கள் இறுக்குவதை, வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல் பார்த்தான். பயந்துபோனான். கத்தியை ஏரிக்குள் வீசி எறிந்தான்.

துடுப்பு தோளில் இறங்கியது. அடுத்தது விலாவில். முட்டி போட்டு விழுந்தவனின் வாயில் கிரீஷ் முஷ்டியால் குத்தினான். உதடு கிழிந்து தொங்கியது. ரஞ்சித்குமார் இரண்டு கையையும் தன் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"திருப்பி அடிடா!" என்று கத்திக்கொண்டே கிரீஷ் அடித்தான். "அடிடா, நாயே!"

தூரத்தில் ஒரு வெள்ளைக்காரர் போலீஸைக் கூப்பிட போனை எடுத்துவிட்டார். ரஞ்சித்குமார் ரத்தம் கொழகொழக்கும் வாயோடு, "நோ போலீஸ், ப்ளீஸ்! வி ஆர் ஃப்ரெண்ட்ஸ்!" என்று அலறினான். கிரீஷின் கை அந்தரத்தில் நின்றது.

"ஏன்டா அடிக்கல?"

"வீட்ல... பொண்டாட்டி புள்ளத்தாச்சி. அவளுக்குத்தான் இந்த மீன் சினை. அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்." மூச்சு வாங்கியது. "போன வருஷம்... உன் பொண்ணு முன்னாடி... சாரி கிரீஷ்."

கிரீஷ் துடுப்பைக் கீழே போட்டான். மூச்சிரைக்க நின்றான். பிறகு போய் மீனை எடுத்து, மண்ணைக் கழுவி, ரஞ்சித்குமாரின் பெட்டியில் வைத்தான்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதானடா" என்றான். திரும்பிப் பார்க்காமல் போனான்.

வீட்டில் கதவைத் திறந்த தென்றல் அவன் முகத்தைப் பார்த்து வீறிட்டாள். ஆனால் முகத்தைத் தொடவில்லை. அவன் கைகளைப் பிடித்துத் திருப்பி விரல் முட்டிகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். உள்ளங்கையில் செவுள் கிழித்த கோடு மட்டும் இருந்தது. முட்டியில் ஒரு சிராய்ப்பு கூட இல்லை. அந்தக் கைகளை வயிற்றில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அவனே சினையை எடுத்தான். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புப் புரட்டி எண்ணெயில் போட்டான். வாசம் ஹாலுக்குப் போனதுதான் தாமதம், தென்றல் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். உள்ளிருந்து, "என்னால முடியலங்க, வெளிய கொட்டிடுங்க!" என்று குரல் வந்தது.

ரஞ்சித்குமார் அடுப்பை அணைத்தான். குப்பைக்கூடையின் மூடியைத் திறந்தான். மூடினான். தட்டை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் உட்கார்ந்தான். கிழிந்த உதட்டில் மிளகாய் பட்டு உயிர் போவது போல் எரிந்தது. ஒரு துணுக்கு விடாமல் எல்லாவற்றையும் தின்று முடித்தான்.