காரமடைக் கேசட்

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு கல்லூரியில், பேச்சொலிகளை ஆராயும் ஒலியியல் நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் எடுக்கும்போது எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. ஜன்னலுக்கும் பலகைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். வட்டாரப் பேச்சைப் பதிவு செய்துவர மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பினால், வந்து சேரும் கேசட் ஒவ்வொன்றும் என் பொறுமையைச் சோதிக்கும். வந்தவரை விசாரிக்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை.

காரமடைக்குப் போய்வந்த மாணவியின் கேசட்டை வகுப்பிலேயே போட்டேன். பூக்கட்டும் அம்மா ஒருவரிடம் அவள் கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஆனால் கேள்வியெல்லாம் அந்த அம்மாவுடையதாகவே இருந்தது.

"எந்தூரு கண்ணு? சோறு உண்டுபோட்டு வந்தியா? அப்பன் என்ன பண்றாரு?"

மாணவி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எரிச்சலில் நாடாவை முன்னால் ஓட்டினேன். அங்கேயும் அந்த அம்மாவின் கேள்விதான்.

"உங்க வாத்தியாரு எப்படி?"

"நல்லவருங்க. நாம எப்படிப் பேசறோம்னு காதக் குடுத்துக் கேப்பாருங்க. என்ன சொல்றோம்னுதான் கேக்க மாட்டாருங்க."

முன்வரிசையில் அவள் தலை குனிந்தாள். வகுப்பில் புத்தகத் தமிழ் பேசுகிற பெண், கேசட்டில் அச்சு அசல் கொங்குப் பேச்சு. இத்தனை நாள் நான் தேடியது அதுதான். அவசரமாகத் திரும்பி, அவள் சொன்னதை ஒலிக்குறிகளில் பலகையில் எழுத ஆரம்பித்தேன். பாதி எழுதிய பிறகுதான், வகுப்பு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.